ஊர் அரிப்பு

கடல் எங்கள் சங்குமுனையைத் தின்றுகொண்டிருந்த வருஷங்களில், ஆனி பிறந்தாலே சாமான்களை மூட்டை கட்டிவைப்போம், ஆடி கழிந்தால்தான் மூச்சு வரும், இடைப்பட்ட நாட்களில் இவன் அடுக்களை, அவன் ஆட்டுக்கூடு, இன்னொருத்தியின் காய்த்த தென்னை என்று ஒவ்வொன்றாகக் கடல் வந்து எடுத்துக்கொண்டு போகும், நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்க் கிடப்போம். அதிகாரிகள் வருவார்கள். ஜீப்பை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, செருப்பில் மணல் படாமல் நின்று, இது கடல் அரிப்பு என்பார்கள், ஏதோ நாங்கள் அதைக் கல்யாண விருந்து என்று நினைத்துக்கொண்டிருந்த மாதிரி. தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்டோம். தூண்டில் முள் போலக் கடலுக்குள் வளைத்துப் போடுகிற கல்லணை அது. சாலையில் உட்கார்ந்து கேட்டோம், வெயிலில் காய்ந்து கேட்டோம். பக்கத்து ஊருக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை.

என் பேர் பிரிஜிட். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வலை இழுத்து இழுத்து முதுகு வளைந்துதான் எங்கள் கான்கிரீட் வார்ப்பு வீடு எழும்பியது. அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு காலத்தில் நாலு தெரு இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். நான் சொல்லவந்த வருஷம் நடுவில் நின்றது சில்வெஸ்டரின் வீடு ஒன்றுதான். அது போனால் அடுத்தது நான். இதை மனசில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள், பிறகு என்னைப் பேசுங்கள்.

என் வீட்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருந்தாள் கிளாடிஸ். அவள் புருஷன் ததேயு பஹ்ரைனில் மீன்பிடி வள்ளத்தில் இருந்தான். தலைப்பிள்ளை பெண், அபிஷா என்று பேர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை கடல் சில்வெஸ்டரின் கொல்லைச்சுவரை நக்கிக்கொண்டிருந்தது. மன்றாட்டுச் சொல்ல நின்றவர் எங்கள் உபதேசியார் லாசர். பங்குச் சாமியார் வராத நாட்களில் கோயிலும் ஜெபமும் அவர் பொறுப்புதான். முந்தின நாள் ஒரு சாவு வீட்டில் பாடிப் பாடி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆண்டவரே, எங்கள் ஊரின் கடல் அரிப்பை எடுத்து மாற்றியருளும் என்று சொல்லவேண்டியவர், கடல் என்கிற இடத்தில் இருமிவிட்டார். ஊரின் அரிப்பை எடுத்து மாற்றியருளும் என்று மட்டும்தான் மேலே போனது. அந்த நேரம் பார்த்துச் சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றினார். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். எத்தனையோ வருஷமாகக் கேட்காத காது அன்றைக்குக் கேட்டுவிட்டது, அதற்கு யாரைக் குறை சொல்ல?

மறுநாள் விடிந்தபோது கடல் சுவரை விட்டுத் தள்ளி, மிதி வாங்கிய நாய் மாதிரி சுருண்டு கிடந்தது. பிள்ளையின் இரண்டு கன்னமும் சிவந்து சொரசொரவென்று ஆகியிருந்தது. கரப்பான், கைக்குழந்தைகளுக்கு வருகிறதுதான், பல் முளைத்தால் போய்விடும் என்று சொன்னோம். போகவில்லை. கன்னத்திலிருந்து முழங்கை மடிப்புக்கு இறங்கியது, அங்கிருந்து முழங்கால் மடிப்புக்கு, கழுத்துக்கு, காதுக்குப் பின்னால். பிள்ளை பாயில் தலையைத் தேய்க்கும், தொட்டில் கயிற்றில் கன்னத்தைத் தேய்க்கும், கைக்கு வசம் வந்ததும் இரண்டு கையாலும் பிறாண்டும், பிறாண்டின இடத்தில் நீர் கசியும், அது காய்ந்து பொருக்காகி உதிரும். உதிர்ந்தது மணல். நல்ல வெள்ளை மணல், எங்கள் கடற்கரை மணலேதான். கிளாடிஸ் காலையில் எழுந்து பாயை உதறினால் முறத்தில் அள்ளும் அளவுக்கு விழும். அவள் அதைக் கூட்டிக் கொல்லையில் கொட்டுவாள், கொட்டின அன்றைக்கே கடற்கரை ஒரு முழம் அகன்று கிடக்கும். கடலோரத்து வீட்டில் மணல் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பெரிதாக எடுத்தது எண்ணெய் வந்த பிறகுதான். கிளாடிசின் தங்கை பெனிட்டா, மலையோரத்தில் ரப்பர் தோட்டத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தவள், தேங்காய்ப்பாலைக் காய்ச்சி இறக்கின உருக்கெண்ணெய் ஒரு குப்பி கொண்டுவந்தாள். குளிப்பாட்டின ஈரம் காயுமுன் அதைத் தடவத் தடவப் பிள்ளையின் தோல் இளகி, சிவப்பு வெளுத்து, பிறாண்டலும் நின்றது. அந்த வாரமே சில்வெஸ்டரின் வீடு போனது. மழை இல்லை, காற்று இல்லை, பட்டப்பகலில் கடல் சும்மா நடந்துவந்து சுவரை எடுத்தது, கூரையை எடுத்தது, கட்டியிருந்த ஆட்டையும் எடுத்துக்கொண்டு போனது. எண்ணெய் தீர்ந்தது, பிள்ளை மறுபடி பிறாண்டியது, கடல் பின்வாங்கியது. பெனிட்டா இன்னொரு குப்பி கொடுத்தனுப்பினாள், கடல் என் வீட்டு வாசல் கல்லில் ஏறியது. இரண்டையும் முதலில் முடிச்சுப் போட்டவர் லாசர்தான். இருமினது யார் என்று அவருக்குத்தானே தெரியும்.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கொடுமைக்காரக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளையைப் பற்றி வருத்தப்படாத ஒரு வாய் அங்கே இல்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினோம். சில்வெஸ்டர் எழுந்து, எனக்கு வீடும் போய் ஆடும் போய் நான் மச்சான் வீட்டு வராந்தாவில் கிடக்கிறேன், ஆனாலும் அந்தப் பிள்ளையை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றான். பிறகு அவனே, எண்ணெய் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தால் என்ன என்றும் கேட்டான். கொஞ்ச நாளைக்குத்தானே என்று எல்லோரும் சொன்னோம். தூண்டில் வளைவு வரும்வரைக்கும் என்று லாசர் சொன்னார். அன்றையிலிருந்து எங்கள் ஊர்க் கடைகளில் கிளாடிசுக்குத் தேங்காயெண்ணெய் தீர்ந்துபோயிற்று. அவள் வந்து நின்றால் கடைக்காரன் காலிக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவான், அவள் திரும்பியதும் எனக்கு அளந்து ஊற்றுவான்.

அவள் அசடு இல்லை, அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஊர் வேண்டாம், கடல் வேண்டாம், தோல் வெளுக்கக்கூட வேண்டாம், என் பிள்ளை ஒரே ஒருதரம் அசந்து உறங்கி நான் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை சேர்ந்தாற்போல உறங்கினதே கிடையாது. கண் சொருகும், கை தானாக எழுந்து கழுத்துக்குப் போகும், விழித்து அழும். நாங்களும் அந்த அழுகைக்குப் பழகிவிட்டோம், பார்த்துக்கிடுங்க. அழுகை கேட்டால் வீடு பத்திரம் என்று புரண்டு படுப்போம். ஓய்ந்துவிட்டால்தான் திடுக்கிட்டு எழுந்து, என்னடா சத்தத்தைக் காணோம் என்று ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வோம்.

ஒருநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் நாகர்கோவிலுக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். பைப்படியில் என்னைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லத் தொடங்கினாள். டாக்டர் அம்மா தங்கமான பெண்ணாம். இது ஒட்டுவாரொட்டி இல்லை, பெற்றவள் தின்றதால் வந்ததும் இல்லை, சாபமும் இல்லை, சில பிள்ளைகளுக்குத் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்காது என்றாளாம். கொதிக்கிற வெந்நீர் ஆகாது, இளஞ்சூட்டில் சட்டென்று குளிப்பாட்டி எடுத்துவிட வேண்டும். வாசனைச் சோப்பும் பவுடரும் ஆகவே ஆகாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரத்தோடு களிம்பை அப்ப வேண்டும். கம்பளியும் நைலானும் உடம்பில் படக்கூடாது, பழைய பருத்தித் துணிதான் நல்லது. வியர்க்க விடக்கூடாது, நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இத்தனையும் செய்தால் பிள்ளை உறங்குமாம்.

"பிள்ள ஒறங்குவாக்கா, டாக்டரே சொல்லிட்டாவ" என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

அவள் ஆகாது என்று சொன்னதை எல்லாம் நான் ஒன்று விடாமல் மனசில் அடுக்கிக்கொண்டேன். குடத்தை வீட்டில் வைத்ததும் நேரே லாசர் வீட்டுக்குப் போனேன். போகாமல்? என் வாசல் கல்லில் உப்பு பூத்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வந்த சீர்வரிசையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட வராது. ஊட்டிக்குப் போனவர்கள் கம்பளிச் சட்டை வாங்கிவந்தார்கள். கழுத்தில் முறுக்கு முறுக்காக லேஸ் வைத்த நைலான் கவுன் வந்தது, பெட்டி பெட்டியாய் ரோஸ் பவுடர் வந்தது, துபாயிலிருந்து வந்த வாசனைச் சோப்புகளை நாங்களே உடைக்காமல் வைத்திருந்து கொடுத்தோம். எங்கள் பிள்ளை, நம் எல்லோருக்கும் பிள்ளை, நாங்கள் குளிப்பாட்டாமல் யார் குளிப்பாட்ட என்று பெண்கள் முறை வைத்துப் போய், ஆவி பறக்கிற தண்ணீரில் நுரை பொங்கக் குளிப்பாட்டி, கரகரத்த துண்டால் தேய்த்துத் துவட்டி, பவுடர் அப்பி, பட்டப்பகல் வெக்கையில் கம்பளியை மாட்டிவிட்டு, கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். கிளாடிஸ் வாசலை அடைத்து நின்றால், ஏட்டி, பிள்ளைக்குச் செய்கிற அன்பைத் தடுக்கிறாயே, நீயெல்லாம் தாயா என்று கேட்டோம். களிம்புக் குழாயைச் சில்வெஸ்டரின் பெண்டாட்டி விளையாட்டுப் போல வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுக்க மறந்துபோனாள். வீட்டுக் கத்தரிக்கோலை யாரோ இரவல் வாங்கிப்போனார்கள். பிள்ளையின் நகம் வளர்ந்தது. ஞாயிறுதோறும் நோயாளிகளுக்காகச் சொல்கிற மன்றாட்டில் அபிஷாவின் பேர் இருந்தது, லாசர் அதை எடுத்துவிட்டார். மேலே உள்ளவர் இப்போது கேட்கிற நேரம், எதற்கு வம்பு என்றார்.

கடல் போன போக்கைச் சொல்லவேண்டுமே. சில்வெஸ்டரின் வீடு இருந்த இடம் வெளிவந்தது, அதற்கும் அப்பால் போன தெரு வெளிவந்தது, எங்கள் மாமனார் காலத்தில் முழுகின பழைய குருசடியின், சிலுவை நின்ற மேடை பாசியோடு எழுந்து நின்றது, நாங்கள் மாலை போட்டோம். வள்ளங்களை ஏற்றிவைக்க இடம் வந்தது, கரையில் நின்று கரமடி வலை இழுக்க இடம் வந்தது, பையன்கள் பந்தடிக்க இடம் வந்தது. அதற்குப் பிறகும் பிள்ளை பிறாண்டியது, அதற்குப் பிறகும் மணல் வந்தது. ஊர்க் கமிட்டி கயிறு பிடித்துப் புதுமணலை மனைகளாக வெட்டியது. தூண்டில் வளைவுக்கு ஆணை வந்துவிட்டது என்று அதிகாரி ஒருத்தர் வந்து சொன்னார், கல் ஏற்றின லாரிகள் வரட்டுமா என்று கேட்டார். நாங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றோம். கல்லைப் போட்டால் கடல் அதோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு சாண் மணல் வருமா?

கிளாடிஸ் ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்து, துணிப்பையைத் தோளில் மாட்டி, பஸ்ஸுக்கு நின்றாள். நாங்களும் போய் நின்றோம், சும்மா பேசிக்கொண்டுதான். எங்கே மக்கா, வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்று ஒருத்தி பையை வாங்கினாள், இன்னொருத்தி பிள்ளையை வாங்கினாள், பஸ் வந்தது, போனது. லாசர் ததேயுவுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார். அவனுக்குக் கமிட்டி முன்வரிசையில் மனை ஒதுக்கியிருந்தது, அதுவும் மூலை மனை. ததேயுவின் குரல் தூரத்திலிருந்து இரைச்சலோடு வந்தது.

"ஊரே நம்ம பிள்ளைய நம்பி நிக்குது கிளாடிசு. கொஞ்சம் பொறுத்துக்க. நான் வந்து வீட்டக் கெட்டிக்கிடுதேன்."

அவள் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கைகளைப் பிடித்துக்கொண்டால் பிறாண்டாதல்லவா, அதனால் நாள் முழுக்கப் பிள்ளையின் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பிள்ளை திமிறித் திமிறி அழும், கடைசியில் அந்த அழுகையைப் பார்க்கமாட்டாமல் அவளே விட்டுவிடுவாள். அது பிறாண்டும். அந்த வருஷத் திருவிழா வரைக்கும் அவளை நான் ஏமாளி என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பாதுகாவலர் திருவிழா வந்தது. புதுமணலில் நடந்த முதல் திருவிழா. ராட்டினம் வந்தது, பலூன்காரன் வந்தான், பேரீச்சம்பழக் கடையும் வளையல் கடையும் கடலைப் பார்த்து வரிசை கட்டின, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார்கள். பெனிட்டாவும் வந்தாள். ஊர்முனையில் நின்ற பையன்கள் அவள் பையைப் பிரித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். பலகாரம்தான் இருந்தது. அவள் தலையை யார் பார்க்கப்போகிறார்கள்? தொடை வரைக்கும் தொங்குகிற முடி அவளுக்கு. அதை உருக்கெண்ணெயில் ஊறவைத்து ஊறவைத்து, தடியான பின்னலாகப் பின்னி, முதுகெல்லாம் எண்ணெய் ஒழுக, மல்லிகையையும் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். எண்ணெய் வடிகிறதே என்று ஒரு பையன் கேலிகூடப் பண்ணினானாம்.

தேர் புறப்பட்டு ஊரெல்லாம் வாத்தியத்துக்குப் பின்னால் போயிருந்த உச்சிப்பொழுதில், அக்காளும் தங்கையும் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். கம்பளிச் சட்டையைக் கழற்றினார்கள். பெனிட்டாவின் சாயம்போன பழைய தாவணித் துணியில் பிள்ளையைக் கிடத்தினார்கள். பெனிட்டா பின்னலை அவிழ்த்தாள், கிளாடிஸ் அந்த முடியை ஈரத்துணியைப் பிழிகிற மாதிரிப் பிழிந்து, விழுந்த எண்ணெயைக் கன்னத்திலும் கழுத்திலும் முழங்கை முழங்கால் மடிப்புகளிலும் பைய பையத் தடவினாள். வளர்ந்த நகங்களைப் பல்லால் கடித்தே எடுத்துவிட்டாள். பிள்ளை முதலில் அழுதது, பிறகு விம்மியது, பிறகு ஒரு பெருமூச்சு விட்டதாம். பிறகு உறங்கிவிட்டது.

கடல் வந்ததை முதலில் கண்டவன் பலூன்காரன். அலையும் இல்லை, இரைச்சலும் இல்லை. அடுப்பில் பொங்கின பால் விளிம்பைத் தாண்டுகிற மாதிரி சத்தமில்லாமல் மேலேறி, வளையல் கடையின் காலை நனைத்தது, ராட்டினத்தின் அடியை நனைத்தது, முன்வரிசை மனைகளின் அடையாளக் கல்லை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தது. வாத்தியம் நின்றது. தேரை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். நான் என் வீட்டுக்கு ஓடினேன், நடைக்குள் தண்ணீர் நின்றது, உள்ளே தலைகாணி மிதந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அங்கிருந்து திரும்பி வள்ளத்துக்கு ஓடினேன்.

எனக்கு முன்னாலேயே ஊர் அங்கே வளைத்து நின்றது. கணுக்கால் அளவு தண்ணீரில் கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. வாய் லேசாகத் திறந்திருந்தது, எந்நேரமும் பிறாண்டியே நாங்கள் பார்த்த இரண்டு கையும் விரிந்து கிடந்தன, எண்ணெய் மினுங்குகிற வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாசத்தில் அந்தப் பிள்ளை அப்படிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை, அழகான பிள்ளை என்பதே அப்போதுதான் தெரிந்தது. கிளாடிஸ் எங்களைப் பார்க்கவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பெனிட்டா இரண்டு கையையும் விரித்து எங்களை மறித்து நின்றாள், ஒற்றைப் பெண் எத்தனை பேரை மறிப்பாள்?

ஆனால் யாரும் கிட்டே போகவில்லை. அதுதான் எங்கள் ஊர். சட்டை கொடுப்பார்கள், சோப்பு கொடுப்பார்கள், களிம்பை மறந்து வைத்துக்கொள்வார்கள், உறங்குகிற பிள்ளையின் மேல் கைவைக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை. சில்வெஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கிளாடிசின் மடியைத் தொடப்போனது. லாசர் வானத்தைப் பார்த்தபடி, "யாராவது எழுப்புங்க" என்றார்.

எல்லோரும் யாராவது யாராவது என்று நின்றால் யார்தான் செய்வது? பெனிட்டாவை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் போய், கிளாடிசின் முன்னால் தண்ணீரில் மண்டிபோட்டேன். பிள்ளையின் முழங்கால் மடிப்பில் புதுத்தோல் பிறந்திருந்தது, நாவல்பழத்தின் உட்சதை போல இளஞ்சிவப்பாக. அதில் என் நகத்தை வைத்துப் பிறாண்டினேன். ஒருதரத்தில் எழும்பவில்லை. எண்ணெய் வழுக்கியது. அழுத்திப் பிறாண்டினேன். பிள்ளை உடம்பு தூக்கிப்போட்டு விழித்து, என்னைப் பார்த்து, வீறிட்டது.

கடல் நின்றது. பிறகு என் சேலையை இழுத்துக்கொண்டு பின்னால் போகத் தொடங்கியது. எனக்குப் பின்னால் எல்லோரும் மூச்சு விட்டார்கள். யாரோ ஆண்டவருக்குத் தோத்திரம் என்றார்கள்.

கிளாடிஸ் விசிறுவதை நிறுத்தினாள். கோபப்படுவாள், மயிரைப் பிடிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு விஷயத்தை எடுத்துச்சொல்லுகிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னாள்.

"இப்பதாக்கா ஒறங்கினா."

நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அதற்குள் பிள்ளை அழுதுகொண்டே என் விரலைப் பிடித்துக்கொண்டது. பிடித்து, தன் முழங்கால் மடிப்புக்கு இழுத்து, அங்கேயே வைத்து அழுத்தியது. அரிப்பு மறுபடி வந்துவிட்டது, பாவம், அதன் நகத்தையோ தாய் கடித்துவிட்டாள், என் நகம்தான் கிட்டே இருந்தது. பச்சைப்பிள்ளை கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சொறிந்துவிட்டேன்.